முதல் டெஸ்ட் நார்மல். 25வது வாரத்தில் மறுபடியும் சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டுமா?

முல்லைக்கொடி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இது முதல் குழந்தை, 25வது வாரம் நடக்கிறது. ஒட்டன்சத்திரம் பக்கத்தில் ஒரு கிராமம், ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் காட்டுகிறேன். மூன்றாம் மாதம் அட்டை போட்டபோதே சுகர் இருக்கிறதா என்று பார்க்கக் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். 112 வந்தது. நார்மல் என்று அட்டையிலும் எழுதியாயிற்று. இப்போது வருகிற செவ்வாய்க்கிழமை அதே டெஸ்டுக்கு மறுபடியும் வரச் சொல்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை எனக்கு வளைகாப்பு. முடிந்த கையோடு அம்மா வீட்டுக்கு, திருமங்கலத்துக்குப் போகிறேன். வீடு முழுக்க வேலை கிடக்கிறது. எங்கள் அத்தை, "ரெண்டு குடும்பத்துலயும் யாருக்கும் சுகர் கிடையாது, ஒரு தடவை பார்த்தாச்சு, வயித்துப் பிள்ளையோட அவ்வளவு சர்க்கரையை எதுக்குக் குடிக்கணும்" என்கிறார். அவர் அக்கறையில்தான் சொல்கிறார், தப்பாகச் சொல்லவில்லை. என் கணவர் வெளியே லேபில் சுகரின் மூன்று மாத சராசரி டெஸ்ட் (HbA1c) எடுக்கச் சொன்னார், அதில் 5.1 வந்திருக்கிறது. அது போதாதா? இன்னொன்று, கோயம்புத்தூரில் இருக்கிற என் சித்தி மகளை வெறும் வயிற்றில் வரச் சொல்லி மூன்று தடவை ரத்தம் எடுத்தார்களாம். எங்கள் ஊரில் சாப்பிட்டுவிட்டே வரலாம் என்கிறார்கள். எது சரியான முறை?

போன தடவை அந்தத் தண்ணீரைக் குடித்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பயமும் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


நொய்யல்கரை:

உங்கள் சித்தி மகள் மாதிரிதான் எனக்கும் பார்த்தார்கள். வெறும் வயிற்றில் ஒன்று, குளுக்கோஸ் குடித்து ஒரு மணி நேரத்தில் ஒன்று, இரண்டு மணி நேரத்தில் ஒன்று. 92, 180, 153 என்று மூன்று எல்லை வைத்திருக்கிறார்கள். மூன்றில் ஏதாவது ஒன்று அதைத் தொட்டாலே கர்ப்பகால சர்க்கரை என்று கணக்கு. எனக்கு வெறும் வயிற்றில் 96, மற்ற இரண்டும் நார்மல். அந்த ஒன்றை வைத்தே உணவுப் பட்டியல் கையில் கொடுத்துவிட்டார்கள். குழந்தை நல்லபடியாகப் பிறந்தான். எந்த முறை என்பதை உங்கள் ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளும். நீங்கள் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.


பழைய நர்ஸம்மா:

முல்லைக்கொடி தாயி, செவ்வாய்க்கிழமை போய்க் குடித்துவிட்டு வா. வளைகாப்புக்கு முன்னாலேயே, அம்மா வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னாலேயே. நான் தேனி மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நீ கேட்ட அத்தனையும் என்னிடம் வீட்டு வாசலில் வைத்துப் பல பேர் கேட்டதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மூன்றாம் மாதம் பார்ப்பது பெரும்பாலும், மாசமாவதற்கு முன்பே உடம்பில் சர்க்கரை இருந்ததா என்று தெரிந்துகொள்ளத்தான். இப்போது பார்ப்பது நஞ்சுக்கொடியால் வருவதை. நஞ்சுக்கொடி வளர வளர அதில் சில ஹார்மோன்கள் சுரக்கும். அவை தாயின் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. பிள்ளைக்குச் சர்க்கரை தட்டில்லாமல் போய்ச் சேர உடம்பு செய்துகொள்கிற ஏற்பாடு அது, எல்லாத் தாய்க்கும் நடக்கிறது. பெரும்பாலானவர்களுக்குக் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து சமாளித்துவிடும். சிலருக்கு முடியாது. அந்த இழுபறி 24 வாரத்துக்கு மேல்தான் வெளியே தெரியும். அதனால்தான் 24 முதல் 28 வாரத்துக்குள் இரண்டாவது தடவை பார்ப்பது. மூன்றாம் மாதத்து 112 இன்றைய நிலைமையைச் சொல்லாது.

உன் அத்தையிடம் பொறுமையாக எடுத்துச் சொல். குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பார்கள். வீட்டில் எத்தனை பேர் ரத்தம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று கேட்டால் பாதிப் பேர் பார்த்திருக்கவே மாட்டார்கள். குண்டாக இருப்பவர்களுக்கு மட்டும், குடும்பத்தில் சுகர் இருப்பவர்களுக்கு மட்டும் என்று ஆள் பொறுக்கிப் பார்த்தால் நம் பெண்களில் நிறையப் பேர் விட்டுப்போவார்கள். 2007-ல் தமிழ்நாடு அரசு மாசமான எல்லாப் பெண்களுக்கும் இந்த டெஸ்டைக் கட்டாயமாக்கியது அதனால்தான். சென்னையில் டாக்டர் வி. சேஷையா இதற்காக வருஷக்கணக்கில் பாடுபட்டவர். அவர் பிறந்த நாளான மார்ச் 10 இந்தியாவில் கர்ப்பகால சர்க்கரை விழிப்புணர்வு நாள். 2014-ல் மத்திய அரசு நாடு முழுக்கக் கொண்டுவந்த வழிகாட்டுதலிலும் இதே முறைதான்.

மூன்று மாத சராசரியை நம்பி இருந்துவிடாதே. மாசமாக இருக்கும்போது ரத்தச் சிவப்பணுக்கள் சீக்கிரம் சீக்கிரம் புதிதாகும். அதனால் அந்தச் சராசரி உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். ரத்தசோகை இருந்தால் அந்தக் கணக்கே குழம்பும். உன் 5.1 பொய் இல்லை, ஆனால் இந்தக் கேள்விக்கு அது பதில் ஆகாது. உன் அத்தை காலத்தில் மூத்திரத்தைத்தான் பார்த்திருப்பார்கள். நாங்களும் பார்த்தோம். நீல நிற பெனடிக்ட் கரைசலைச் சோதனைக் குழாயில் ஊற்றி, சில சொட்டு மூத்திரம் விட்டு, தீயில் காட்டினால் பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு என்று மாறும். மாசமாக இருக்கும்போது ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தாலும் மூத்திரத்தில் கொஞ்சம் இறங்கும். உண்மையிலேயே சுகர் இருக்கிறவர்களுக்குக் காட்டாமலும் போகும். அதை வைத்து ஒன்றும் முடிவு சொல்ல முடியாது.

வெறும் வயிறா, சாப்பிட்டா என்று கேட்டாய். இரண்டும் நடைமுறையில் இருக்கிறது. நம் ஊர் முறையில் 75 கிராம் குளுக்கோஸ், 300 மில்லி தண்ணீர், கடைசியாக எப்போது சாப்பிட்டாய் என்ற கணக்கு இல்லை, இரண்டு மணி நேரத்தில் ஒரே ஒரு ரத்தம், எல்லை 140. கணையம் ஒழுங்காக வேலை செய்தால் முன்னால் இட்லி சாப்பிட்டிருந்தாலும் இரண்டு மணி நேரத்தில் 140-க்குள் வந்துவிடும் என்பதுதான் இதன் அடிப்படை. நொய்யல்கரை சொன்ன மூன்று ரத்த முறையில், வெறும் வயிற்றில் மட்டும் ஏறுகிறவர்களும் மாட்டுவார்கள், அது அதன் நல்ல அம்சம். ஆனால் மலையடிவாரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிற பெண்ணைப் பட்டினியாக வரச் சொன்னால் அவள் வரவே மாட்டாள். வந்தாலும் மயங்கி விழுவாள். எங்கள் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு இந்த முறைதான் நடந்தது. எனக்கு இதில் முழு நம்பிக்கை உண்டு.

அவ்வளவு சர்க்கரை பிள்ளையைக் கெடுக்குமா என்றால், கெடுக்காது. வெள்ளிக்கிழமை உன் இலையில் விழப்போகிற கலவை சாதமும் சர்க்கரைப் பொங்கலும் லட்டும் சேர்ந்தால் 75 கிராமைத் தாராளமாகத் தாண்டும்.

குமட்டலுக்கு: மடக் மடக்கென்று குடிக்காதே, அதற்காக அரை மணி நேரம் இழுக்கவும் கூடாது. ஐந்திலிருந்து பத்து நிமிஷத்துக்குள் முடி. நல்ல ஆறின தண்ணீரில் கரைக்கச் சொல். அரை எலுமிச்சை பிழியலாமா என்று அங்கேயே கேட்டுக்கொள், சில இடத்தில் விடுவார்கள். குடித்து அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அன்றைக்கு டெஸ்ட் செல்லாது, இன்னொரு நாள் வரவேண்டும். அரை மணி தாண்டி எடுத்தால் பரவாயில்லை, டெஸ்ட் தொடரும். எதுவானாலும் லேபில் சொல்லிவிடு, சொல்லாமல் இருந்துவிடாதே. இரண்டு மணி நேரமும் ஒரே இடத்தில் உட்கார். கடைக்குப் போய் வடை வாங்குவது, பஸ் ஸ்டாண்டு வரை நடந்து வருவது எல்லாம் வேண்டாம். நாங்கள் குடித்த நேரத்தைப் புறங்கையில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிவிடுவோம். 9.20, 9.25, 9.40 என்று பெஞ்சு நெடுக கைகள் வரிசையாக இருக்கும். லேப் தம்பி அந்தக் கைகளைப் பார்த்துத்தான் கூப்பிடுவார். உன் இடத்தில் எழுதாவிட்டால் நீயே போனில் அலாரம் வைத்துக்கொள். நேரம் தப்பினால் நம்பருக்கு அர்த்தம் இல்லை.

இத்தனைக்கும் மேலே உன்னிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இரண்டாவது டெஸ்டுக்கான வாரமும் நம் வழக்கப்படி வளைகாப்பு வைக்கிற மாதமும் ஒன்றாக வந்து விழுகிறது. பெண் இந்த ஊர் அட்டையோடு கிளம்பிவிடுவாள். இங்கே இருக்கிற நர்ஸ், அம்மா வீட்டில் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைப்பார். அங்கே இருக்கிறவர், அட்டையில் நார்மல் என்று இருப்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவார். நடுவில் அந்த நான்கு வாரம் கை நழுவிப் போய்விடும். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் ஆனது. முதல் டெஸ்ட் நார்மல், ஏழாம் மாத ஆரம்பத்திலேயே ஊருக்குப் போய்விட்டாள், இரண்டாவது டெஸ்ட் எங்கேயும் நடக்கவில்லை. பிள்ளை நாலு கிலோவுக்கு மேல். தலை வந்து தோள் மாட்டிக்கொண்டது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் பையனுக்கு வலது கை தூக்க முடியாமல் மாசக்கணக்கில் பயிற்சிக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். முன்கூட்டியே தெரிந்திருந்தால் சாப்பாட்டிலேயே சரிசெய்திருக்கலாம். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.


முல்லைக்கொடி:

அம்மா, போய்க் குடித்துவிட்டு வந்தேன். அத்தையும் கூடவே வந்தார். உங்கள் பதிலை வாசித்துக் காட்டியதும் அவரே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வாந்தி வரவில்லை. ஆனால் 156 வந்திருக்கிறது.

டாக்டர் இரண்டு வாரம் சாப்பாட்டைக் கட்டுப்படுத்திவிட்டு வரச் சொன்னார், மறுபடியும் பார்ப்பார்களாம். கூட்டத்தில் அதற்கு மேல் கேட்க முடியவில்லை. இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை. பிள்ளைக்குப் பிறக்கும்போதே சுகர் இருக்குமா? ஆபரேஷன்தானா? சாதத்தை நிறுத்திவிட்டுக் கேழ்வரகுக் கூழுக்கு மாறிவிடலாம் என்று இருக்கிறேன். சீனிக்குப் பதில் கருப்பட்டி. சரியா? வளைகாப்பை நிறுத்த வேண்டுமா?


பழைய நர்ஸம்மா:

வளைகாப்பை எதற்கு நிறுத்துகிறாய்? வளையல் போட்டுக்கொள், பாட்டுக் கேள், சந்தோஷமாக உட்கார். இலையில் எல்லாவற்றிலும் ஒரு வாய் எடுத்துக்கொள், வயிறு நிறைவதற்குப் பொரியலும் கூட்டும் சுண்டலும் சாப்பிடு. வருகிறவர்கள் ஊட்டிவிடுவதை உன் அத்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

156 இரண்டு வாரச் சாப்பாட்டிலேயே பெரும்பாலும் இறங்கக்கூடிய அளவுதான். அடுத்து, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் பார்ப்பார்கள், 120-க்குக் கீழே இருக்கவேண்டும். இருந்தால் இதே சாப்பாடு, அவ்வப்போது டெஸ்ட், அவ்வளவுதான். இறங்காவிட்டால் மெட்பார்மின் மாத்திரையோ இன்சுலினோ கொடுப்பார்கள். இன்சுலின் என்றால் பயப்படாதே, அது நஞ்சுக்கொடி தாண்டிப் பிள்ளைக்குப் போகாது.

பிள்ளை பிறக்கும்போதே சர்க்கரை நோயோடு பிறக்கும் என்பது இல்லை. நடப்பது வேறு. உன் ரத்தத்துச் சர்க்கரை பிள்ளைக்குப் போகும், உன் இன்சுலின் போகாது. அதனால் பிள்ளையின் கணையம் தானே இன்சுலினை அதிகமாகச் சுரக்கும், பிள்ளை கொழுப்பு வைத்துப் பெருக்கும். பிறந்து தொப்புள்கொடியை வெட்டியதும் உன்னிடமிருந்து வருகிற சர்க்கரை நின்றுவிடும், அதன் இன்சுலின் மட்டும் அப்படியே இருக்கும். அதனால் முதல் சில மணி நேரம் பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கப் பார்க்கும். குதிகாலில் குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்ப்பார்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுத்துவிட வேண்டும். சுகர் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆபரேஷன் செய்ய மாட்டார்கள். பிள்ளை ரொம்பப் பெரிதாக இருந்தாலோ வேறு சிக்கல் இருந்தாலோதான் அந்தப் பேச்சு வரும். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் சுகப்பிரசவத்துக்குத் தடை இல்லை.

இப்போது சாப்பாடு. கேழ்வரகுக் கூழும் கஞ்சியும் சுகரை ஏற்றாது என்று ஊரெல்லாம் நம்புகிறார்கள். மாவாக அரைத்துக் கரைத்துக் குடித்தால் மடமடவென்று ஏறும். எத்தனையோ பேருக்கு மெஷினில் பார்த்திருக்கிறேன். கேழ்வரகு வேண்டுமானால் முருங்கைக்கீரை போட்டு அடையாகத் தட்டி ஒன்று சாப்பிடு, கூடத் தேங்காய்ச் சட்னி குறைத்து, பருப்பு ஏதாவது கூட்டிக்கொள். கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, வெல்லம், தேன் எல்லாம் ரத்தத்துக்குள் போனால் சர்க்கரைதான், மாற்றிப் பிரயோஜனம் இல்லை. காபி, டீயை இனிப்பில்லாமல் குடி.

சாதத்தை அடியோடு நிறுத்தாதே. நீ பட்டினி கிடந்தால் உடம்பு கொழுப்பைக் கரைக்கும், அது பிள்ளைக்கு நல்லதில்லை. தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு சாதம். இன்னொரு கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ. காலையில் நான்கு இட்லி சாப்பிடுகிறவள் என்றால் இரண்டாக்கிக்கொண்டு, கூட ஒரு கிண்ணம் பாசிப்பயறோ வேகவைத்த முட்டையோ வைத்துக்கொள். பல பேருக்குக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் சர்க்கரை அதிகமாக ஏறும், அதனால் காலையில்தான் கவனம் அதிகம் வேண்டும். மூன்று வேளையோடு நடுவில் பதினொரு மணிக்கும் நாலரைக்கும் சின்னதாக ஏதாவது: சுண்டல், மோர், ஒரு கைப்பிடி வேர்க்கடலை. பழம் என்றால் ஒரு நேரத்துக்கு ஒரு கொய்யாவோ பாதி ஆப்பிளோ. ஜூஸ் வேண்டாம். சத்துமாவுக் கஞ்சி, பாலில் கலக்குகிற பவுடர் எல்லாம் நர்ஸிடம் கேட்காமல் எடுக்காதே, அரசு கொடுக்கிற ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் இருக்கிற மாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். படுக்கப்போகும்போது இனிப்பில்லாத பால் ஒரு தம்ளர்.

சாப்பிட்டு முடித்ததும் படுக்காதே. டாக்டர் வேண்டாம் என்று சொல்லாத வரை, ஒவ்வொரு வேளைக்கும் பிறகு கால் மணி நேரம் வீட்டுக்குள்ளேயோ தெருவிலேயோ மெதுவாக நட. இந்த ஒன்றுக்கே நம்பர் இறங்குவதை நீயே பார்ப்பாய்.


இரட்டைவால் குருவி:

நர்ஸம்மா சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் பிரசவத்தில் எனக்கும் இப்படித்தான், கடைசி இரண்டு மாதம் இன்சுலின் போட்டேன். குழந்தை பிறந்த அன்றே நிறுத்திவிட்டார்கள். பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியில் "எல்லாம் சரியாயிடுச்சு" என்று சொல்லி அனுப்பினார்கள். மறுபடியும் பார்க்கவேண்டும் என்று யாருமே சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டிலும் ஒரு வரி கிடையாது. மூன்று வருஷம் கழித்து இரண்டாவது மாசமானபோது முதல் டெஸ்டிலேயே 210. எப்போது வந்தது என்றே தெரியாமல் உள்ளே இருந்திருக்கிறது. அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்திருந்தால் போதும் என்று இன்றைக்கும் ஆற்றாமையாக இருக்கிறது. நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.


முல்லைக்கொடி:

இதைக் கேட்டதும் திக்கென்று இருக்கிறது அக்கா. நர்ஸம்மா, பிரசவத்துக்குப் பிறகு எப்போது பார்க்கவேண்டும்? அப்போது நான் திருமங்கலத்தில்தான் இருப்பேன். பிள்ளைக்கு ஐந்தாம் மாதத்தில்தான் திரும்பி வருவேன்.


பழைய நர்ஸம்மா:

குருவி சொன்னது நிறைய இடத்தில் நடக்கிறது, மனசு கஷ்டமாக இருக்கிறது. கர்ப்பகால சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னால் நிரந்தர சர்க்கரை வருகிற வாய்ப்பு மற்றவர்களைப் போலப் பல மடங்கு. ஆனால் பிள்ளை பிறந்ததும் வீடே பிள்ளையைச் சுற்றித்தான் ஓடும், தாயை யாரும் பார்க்க மாட்டார்கள்.

பிரசவமாகி ஆறு வாரத்தில் உனக்கு டெஸ்ட். பிள்ளைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசியும் அதே சமயம்தான் வரும், அதனால் தனியாக ஞாபகம் வைக்க வேண்டாம். ஊசிக்கு எந்த நாள் வரச் சொல்கிறார்களோ அன்றைக்கே உனக்கும் பார்க்க முடியுமா என்று அங்கே இருக்கிற நர்ஸிடம் முன்கூட்டியே கேட்டுவிடு. இந்தத் தடவை மட்டும் வெறும் வயிற்றில் போகவேண்டும். முதலில் ஒரு ரத்தம், பிறகு அதே 75 கிராம், இரண்டு மணி நேரத்தில் இன்னொரு ரத்தம். பால் கொடுக்கிற உடம்பு, பசி தாங்காது, அதனால் காலையில் முதல் ஆளாகப் போய் நில், டெஸ்ட் முடிந்ததும் சாப்பிட டிபன் கட்டிக்கொண்டு போ. பாட்டியைக் கூட அழைத்துப் போனால் பிள்ளையை வைத்துக்கொள்வார்.

வெறும் வயிற்றில் 126-ஐத் தொட்டாலோ, குடித்த பிறகு 200-ஐத் தொட்டாலோ சர்க்கரை நோய் என்று அர்த்தம், டாக்டர் மேற்கொண்டு சொல்வார். குடித்த பிறகு 140-லிருந்து 199 வரை என்றால் விளிம்பில் இருக்கிறாய், சாப்பாடும் நடையும் விடக்கூடாது. நார்மலாக வந்தாலும் வருஷா வருஷம் ஒரு தடவை பார்த்துக்கொள். தாய்ப்பாலை நிறுத்தாமல் கொடு, பின்னால் உனக்குச் சுகர் வருகிற வாய்ப்பையே அது குறைக்கும்.

திருமங்கலம் போனதும் முதல் வாரத்திலேயே அங்கே இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்தில் அட்டையைக் காட்டு. கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த உன் பிக்மி (PICME) நம்பரைச் சொன்னால் தமிழ்நாட்டில் எங்கேயும் உன் விவரத்தைத் தொடரலாம். ஆனாலும் நம்பரை நம்பி வாயை மூடிக்கொண்டு இருக்காதே. "25வது வாரத்தில் 156, சாப்பாட்டுக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன், இரண்டு வாரத்தில் சாப்பிட்ட பிறகு பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்" என்று நீயே வாய்விட்டுச் சொல். அட்டையின் மேல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதித் தரச் சொல்லி ஒட்டன்சத்திரத்திலேயே வாங்கிக்கொண்டு கிளம்பு. அடுத்த டெஸ்ட் நம்பர் வந்ததும் இங்கே போடு தாயி, பார்த்துவிட்டு என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.